கடைசி முடிவு மூன்றாம் ஆளிடம்

'காசாபிளாங்கா' படத்தின் கடைசி நிமிடங்களில் ஒரு தண்ணீர் பாட்டில் வரும். நாயகன் ரிக்கின் காதலியும் அவள் கணவனும் விமானம் ஏறியாகிவிட்டது. ஜெர்மன் மேஜர் சுடப்பட்டு விழுந்துவிட்டார். பிரெஞ்சு போலீஸ் கேப்டன் ரெனோ கிளாஸில் தண்ணீர் ஊற்றியவர், பாட்டிலின் லேபிளைப் பார்க்கிறார். விஷி நகரத்து ஊற்றுநீர். பாட்டிலை அப்படியே குப்பைக் கூடையில் போட்டு, கூடைக்கு ஒரு உதையும் விடுகிறார். ஹிட்லரோடு சமரசம் செய்துகொண்ட பிரெஞ்சு அரசு அந்த ஊரிலிருந்துதான் நடந்தது என்பதை 1942இல் படம் பார்த்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்று விளக்க வேண்டும். ஆனால் பாட்டிலைப் போட்ட கையையும், அந்த உதையில் இருந்த லேசான அலுப்பையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. பழைய ஹாலிவுட் படங்களில் ஊறியவர்களுக்கு அந்தப் பாட்டிலோடு ஒரு காலமே ஏறி வரும். படம் தொடங்கும்போதே நடிகர் பட்டியல் முழுதாக ஓடிய காலம். கதாநாயகனின் பெயருக்கு அடுத்து, அதற்கும் அடுத்து யார் என்று பார்த்து, 'இவர் இருக்கிறாரா, அப்படியானால் உட்காரலாம்' என்று மக்கள் முடிவு செய்த காலம். அந்த மூன்றாவது, நான்காவது இடத்தில் அடிக்கடி வந்த பெயர் கிளாட் ரெயின்ஸ்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு விஷயம் சொல்வார்கள்: அற்புதமான குரல், நான்கு முறை ஆஸ்கர் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்காத பரிசு. இரண்டும் உண்மை. ஆனால் அவருடைய தொழில் வாழ்க்கையை அந்த இரண்டிலேயே முடித்துவிடுவது அவரை நல்ல மெருகுக்காரராகவும் பாவப்பட்டவராகவும் மட்டுமே நிறுத்துகிறது. அன்றைய ஹாலிவுட்டில் கதாநாயகனுக்குத் தடுமாற உரிமை இருக்கவில்லை. அவன் தடுமாறுவதுபோலத் தெரியலாம். கடைசியில் சரியான பக்கம்தான் நிற்பான் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரிந்த சங்கதி. மனிதர்கள் நிஜத்தில் படும் தடுமாற்றத்தை, நல்லதும் கெட்டதும் ஒரே சட்டைக்குள் கிடக்கும் அந்த நிலையை, குணச்சித்திர நடிகர்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். அதனால் அந்தக் காலத்துப் பல படங்களில் கதையின் கடைசி முடிவு நாயகன் கையில் இல்லை, மூன்றாம் ஆள் கையில் இருந்தது. அந்த வேலையை ரெயின்ஸைவிட நன்றாகச் செய்தவர் இல்லை என்பது என் கட்சி.

மூன்று படங்களை எடுத்துக்கொள்கிறேன். 'காசாபிளாங்கா'வில் விமான நிலையத்துக்கு வரும்போதே ரிக் முடிவெடுத்துவிட்டான். மேஜரைச் சுட்டபின் போலீஸ் வண்டி வந்து நிற்கிறது. இனி ரெனோ வாய் திறந்தால் ரிக்கின் கதை முடிந்தது. ஒரு கணம் இரண்டு முகங்களை மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். வழக்கமாகச் சந்தேகப்படுகிற ஆட்களைப் பிடித்து வரும்படி ரெனோ உத்தரவிடுகிறார். அந்த ஒரு உத்தரவில்தான் நாயகனின் உயிர் மிஞ்சுகிறது. 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' (1939) இன்னும் வெளிப்படை. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் செனட்டில் ஒரு நாள் முழுக்க, தொண்டை கட்டிப்போகும்வரை பேசி, மயங்கி விழுகிறார். அவர் பேச்சு வெல்லவில்லை. வென்றது, ஊழலில் ஊறிய செனட்டர் பெயினின் மனசாட்சி. அவர் கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்து, குற்றவாளி நான்தான் என்று சொல்கிறபோது கதை தீர்கிறது. 'நொட்டோரியஸ்' (1946) படத்தில் விஷமூட்டப்பட்ட நாயகி பெர்க்மனைக் கேரி கிராண்ட் தாங்கிக்கொண்டு படியிறங்குகிறார். கீழே நாஜிக் கூட்டாளிகள் நிற்கிறார்கள். கணவன் செபாஸ்டியன் ஒரு சத்தம் போட்டால் போதும். போடவில்லை. காருக்குள் அவனுக்கு இடமில்லை, கதவு பூட்டப்படுகிறது, கூட்டாளிகள் உள்ளே கூப்பிடுகிறார்கள். காதலர்கள் போய்விட்ட பிறகும் படம் முடியாமல், தன் வீட்டுப் படிகளில் திரும்ப ஏறும் அந்த மனிதனோடு இருக்கிறது. மூன்றிலும் நடித்தவர் ரெயின்ஸ். மூன்றுக்கும் அவர் பெயர் துணை நடிகர் பட்டியலில்தான் போனது.

இதற்குக் காரணம் தற்செயல் அல்ல, வியாபாரம். ஸ்டுடியோவின் பெரிய முதலீடு நட்சத்திரத்தின் பிம்பம். 'சஸ்பிஷன்' (1941) படத்தில் கேரி கிராண்ட் மனைவியைக் கொல்லும் கணவனாக முடிந்திருக்க வேண்டும், கிராண்டைக் கொலைகாரனாகக் காட்ட ஸ்டுடியோ விடவில்லை என்று ஹிட்ச்காக் பிற்காலத்தில் சொல்லிவந்தார். படத்தைப் பார்த்தால் அந்த முடிவு ஒட்டவைத்ததாகத்தான் தெரிகிறது. இதற்கு மேல் 1934 முதல் இறுகிப்போன தணிக்கை விதிகள்: தப்பு செய்தவன் தண்டனை பெற வேண்டும், அல்லது திருந்த வேண்டும். நாயகன் தப்பே செய்ய முடியாது. வில்லன் திருந்தினால் வில்லனே இல்லை. நடுவில் நிற்க ஒருவர் வேண்டியிருந்தது. அவர் அழகாகப் பேச வேண்டும், கொஞ்சம் பிடித்தும் போக வேண்டும், ஆனால் அவருக்கு என்ன ஆனாலும் வசூல் பாதிக்கக் கூடாது.

நடுவில் நிற்கும் ஆளை வெறும் பசப்புக்காரனாக நடித்துவிடுவது எளிது. ரெயின்ஸ் எப்படித் தப்பித்தார் என்று பார்க்க 'காசாபிளாங்கா'வின் சூதாட்டக் காட்சி ஒன்று போதும். மேஜரின் கட்டளைப்படி ரிக்கின் விடுதியை மூட வேண்டும், சாக்கு கிடைக்கவில்லை. இங்கே சூதாட்டம் நடக்கிறதா, அதிர்ச்சியாக இருக்கிறதே என்று ரெனோ ஊர் கேட்க முழங்குகிறார். அதே நொடி சூதாட்ட மேஜைக்காரன் வந்து, அன்று ரெனோ ஜெயித்த பணத்தைக் கையில் தருகிறான். ரெயின்ஸ் குரலைச் சட்டென்று இறக்கி, ஏதோ கைக்குட்டை எடுத்துக் கொடுத்தவனுக்குச் சொல்வதுபோல நன்றி சொல்லிவிட்டு, மறுபடி பழைய உயரத்துக்கே குரலை ஏற்றி எல்லோரையும் வெளியே போகச் சொல்கிறார். மூன்று வாக்கியம், இரண்டு சுருதி. கண் சிமிட்டவில்லை, சிரிப்பு வரவழைக்க முகம் கோணவில்லை. வெட்கமில்லாத ஒருவனின் நாகரிகம் அது; நடிகர் அதைக் கேலி செய்யாததால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. (பணத்தை நீட்டும் அந்த மேஜைக்காரர் மார்செல் தாலியோ. ழான் ரெனுவாரின் 'தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்' படத்தின் முக்கிய நடிகர். யூதர் என்பதால் பிரான்ஸை விட்டு ஓடிவந்தவர். இங்கே பட்டியலில் அவர் பெயர்கூட இல்லை.) விசா கேட்டு வரும் பெண்களிடம் ரெனோ என்ன விலை கேட்கிறார் என்பதையும் படம் மறைக்கவில்லை. அப்படிப்பட்ட ஆள் கடைசியில் சரியான பக்கம் சாய்வதை நாம் நம்புகிறோம் என்றால், திருந்தியவன் முகத்தை ரெயின்ஸ் எங்கேயும் காட்டாததே காரணம். அலுத்துப்போனவன் முகத்தைத்தான் காட்டினார்.

இந்தக் கட்டுப்பாடு மேடையில் கிடைத்தது, அதுவும் குறுக்கு வழியாக. 1889இல் லண்டனில் பிறந்த ரெயின்ஸ், சாதாரணத் தெருப் பேச்சும் நாக்கில் திக்கலுமாக வளர்ந்த பையன். 'ர' வாயில் வராது. ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீயின் ஹிஸ் மெஜஸ்டிஸ் நாடக அரங்கில், மேடையேற வேண்டிய நடிகர்களைக் கூப்பிட்டு வரும் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வசனம் எடுத்துக்கொடுப்பவர், மேடை நிர்வாகி என்று படிப்படியாக ஏறினார். பேச்சுப் பயிற்சிக்கும் அதற்கான புத்தகங்களுக்கும் பணம் கொடுத்தவர் ட்ரீ. முதல் உலகப் போரில் லண்டன் ஸ்காட்டிஷ் படைப்பிரிவில் சேர்ந்தார். ரொனால்ட் கோல்மன், பேசில் ராத்போன், ஹெர்பர்ட் மார்ஷல் எல்லாம் அதே பிரிவு. ஹாலிவுட்டின் பாதி ஆங்கிலேயர்கள் அங்கே வரிசையில் நின்றிருக்கிறார்கள் என்று தோன்றும். 1916இல் விமி அருகே நச்சுவாயு வலது கண்ணின் பார்வையைக் கிட்டத்தட்ட முழுதாகக் கொண்டுபோனது, தொண்டையையும் பதம் பார்த்தது. சிப்பாயாகப் போனவர் கேப்டனாகத் திரும்பினார். பிறகு ட்ரீ நிறுவிய ராயல் அகாடமி ஆஃப் டிராமாடிக் ஆர்ட்டிலேயே ஆசிரியர். அங்கே அவரிடம் படித்தவர்களில் ஜான் கீல்குட்டும் சார்ல்ஸ் லாட்டனும் உண்டு. தெருப் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கற்றுச் சேர்த்த குரல் அது. பிறவியிலேயே நன்றாகப் பேச வந்தவருக்குத் தன் பேச்சு காதில் விழாது. கற்றுச் சேர்த்தவருக்கு எப்போதும் விழும். எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதில் அவர் ஒருபோதும் தவறாததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் தியேட்டர் கில்டு நாடகங்களில் பெயரெடுத்த பிறகு, வேறொரு படத்துக்கு எடுத்த சோதனைக் காட்சியில் தோற்றுப்போனார். அந்தக் குரல் இயக்குநர் ஜேம்ஸ் வேலின் காதில் விழுந்தது. அப்படிக் கிடைத்ததுதான் 'தி இன்விசிபிள் மேன்' (1933). நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு முதல் பேசும் படம்; அதிலும் கதை முழுக்க முகத்தில் கட்டு, அல்லது ஆளே தெரியாது. கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் சாகும்போதுதான் முகம் துலங்கும். பல வருடம் கழித்து மகளுக்கு அந்தப் படத்தைக் காட்ட ஒரு சின்ன ஊர் தியேட்டருக்குப் போனாராம். தொப்பியும் மப்ளருமாக முகம் மூடியிருந்தது. டிக்கெட் கேட்டதும் கவுன்டரில் இருந்தவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. காசு வேண்டாம் என்றார்கள், இவர் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார். மகள் ஜெசிகா சொன்ன கதை இது.

சரி, ஆட்சேபங்களுக்கு வருவோம். முதலாவது, ரெனோவையும் பெயினையும் எழுதியவர்கள் வசனகர்த்தாக்கள்தானே, நடிகருக்கு இவ்வளவு பெருமை ஏன்? நியாயமான கேள்வி. 'மிஸ்டர் ஸ்மித்'தின் முடிவு திடுதிப்பென்று வருகிறது என்ற குறை இன்றுவரை உண்டு. எழுத்தை மட்டும் பார்த்தால் குறை சரிதான். ஆனால் தொடக்கத்தில் ரயில் காட்சி ஒன்று இருக்கிறது. இளைஞன் ஸ்மித் தன் இறந்துபோன அப்பாவைப் பற்றிப் பேசுகிறான். தனியாளாக ஒரு பத்திரிகை நடத்தி, அநியாயத்தை எதிர்த்து, மேஜையிலேயே சுடப்பட்டுக் கிடந்தவர். பெயின் அவருடைய பழைய நண்பர். பேசுவது ஸ்டூவர்ட், ரெயின்ஸ் கேட்டுக்கொண்டு இருக்கிறார். பழைய நண்பனின் நினைவில் முகம் மலர்கிறது, தான் இன்று என்னவாகிவிட்டோம் என்பது நினைவுக்கு வந்ததும் மலர்ச்சி நிற்கிறது. எந்த வசனமும் இதைச் சொல்லவில்லை. கடைசியில் வெடிக்கும் மனிதன் அந்த ரயிலிலேயே ஏறிவிட்டான். எழுத்து விட்ட பள்ளத்தை நடிப்பு நிரப்பியது என்றுதான் சொல்வேன். 'நொட்டோரியஸ்' படத்தில் எழுத்து பிரமாதம், அங்கேயும் நடிகரின் பங்கு தனி. மனைவி அமெரிக்க உளவாளி என்று தெரிந்ததும் செபாஸ்டியன் விடியற்காலையில் அம்மாவின் அறைக்குப் போய் உட்கார்ந்து, தோற்றுப்போன பையன்போலச் சொல்கிறான். அம்மா படுக்கையில் நிமிர்ந்து சிகரெட் பற்றவைக்கிறாள். அம்மாவாக நடித்த லியோபோல்டின் கான்ஸ்டான்டினுக்கு ரெயின்ஸைவிட வயது சில வருடங்கள்தான் கூடுதல். அது நினைவுக்கே வருவதில்லை. பெர்க்மன் ரெயின்ஸைவிட உயரம். இருவரும் சேர்ந்து நடக்கும் காட்சியில் ரெயின்ஸ் ஏற்றிவைத்த பலகையில் நடந்தார் என்று ஹிட்ச்காக் சொல்லியிருக்கிறார். உயரத்தை ஒளித்தார்கள். ஆனால் தன்னைவிடப் பெரியவள் ஒருத்தியைக் காதலிக்கும் பதற்றத்தை ரெயின்ஸ் ஒளிக்கவில்லை. கிராண்டைவிட இந்த நாஜிதான் அவளை உண்மையாகக் காதலித்தவன் என்று பார்ப்பவருக்குத் தோன்றுவது அதனால்தான்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கடினமானது. ரெயின்ஸ் கெட்டதும் நல்லதும் கலந்த ஆளாக மட்டுமா நடித்தார்? 'நவ், வாயேஜர்' (1942) படத்தின் மனநல மருத்துவர் முழு நல்லவர். 'மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்' (1944) படத்தில் பெட்டி டேவிஸின் கணவனாக வரும் யூத வங்கியாளர் அதைவிட நல்லவர். நாஜி முகாமில் கண்ணிழந்து திரும்புகிறவர். இந்த விதிவிலக்குகளை நான் மழுப்ப விரும்பவில்லை. வார்னர் பிரதர்ஸ் ஒப்பந்தத்தில் இருந்தவர் கொடுத்ததைச் செய்தார். 'ராபின் ஹூட்' (1938) படத்தின் இளவரசர் ஜானாக வாசனைப் பூச்சுப் பூசிய வில்லத்தனமும் செய்தார். ஆனால் அவரைக் கதையின் நடுவே உட்காரவைத்த படங்களைப் பாருங்கள். 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபெரா' (1943) படத்தில் தலைப்பே அவர்தான். பாட்டும் காதலும் வேறு ஆட்களிடம் போய்விட, அவர் முகமூடிக்குள் வீணாகிறார். 'சீசர் அண்ட் கிளியோபாட்ரா' (1945) அன்றைய பிரிட்டிஷ் படங்களிலேயே பெருஞ்செலவில் எடுத்தது. அவருடைய சீசர் ஞானி, நகைச்சுவை தெரிந்தவர், ஆனால் எதிலும் சந்தேகமே இல்லாதவர். சந்தேகமில்லாத ரெயின்ஸை இரண்டு மணி நேரம் பார்ப்பது, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, சலிப்பு.

மூன்றாவதாக, விருது. பரிசுதான் அளவுகோல் என்றால் நான்கு முறை கைவிடப்பட்டவரை இவ்வளவு உயர்த்துவானேன்? யாரிடம் தோற்றார் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். 1939இல் 'ஸ்டேஜ்கோச்' படத்தின் குடிகார டாக்டர் தாமஸ் மிட்செல். வேடிக்கை என்னவென்றால் அவர் 'மிஸ்டர் ஸ்மித்'திலும் இருக்கிறார். 1943இல் ஜோடி சேர்த்துவைக்கும் குறும்புக் கிழவராக சார்ல்ஸ் கோபர்ன். 1944இல் அன்பான முதிய பாதிரியாராக பேரி ஃபிட்ஸ்ஜெரால்ட். மூவரும் பிடித்துப்போகிற பெரியவர்கள். 1946இல் ஹேரால்ட் ரசல், போர்ப் பயிற்சியில் இரண்டு கைகளையும் இழந்த நிஜ வீரர். போர் முடிந்த மறு வருடம் அந்தப் பரிசைக் கேள்வி கேட்க யாருக்கும் மனம் வராது, எனக்கும் வரவில்லை. வாக்களித்தவர்கள் ரெயின்ஸின் திறமையை ஒவ்வொரு முறையும் பார்த்தார்கள், அதனால் பெயரைச் சேர்த்தார்கள். கட்டிப்பிடித்துக்கொள்ள முடிகிறவருக்கே கடைசியில் வாக்குப் போட்டார்கள். மேடைக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. ஸ்டாலின் காலத்துச் சிறையில் தன் கட்சியும் தன் மனசாட்சியும் மோதிக்கொள்ள நிற்கும் பழைய புரட்சிக்காரர் ரூபஷோவாக 'டார்க்னெஸ் அட் நூன்' நாடகத்தில் நடித்ததற்கு 1951இல் டோனி விருது கொடுத்தது. அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு முதன்மை வேடம், அதுவும் முழுக்க முழுக்கத் தடுமாற்றம்.

தடுமாற்றத்தை மூன்றாம் ஆளிடம் ஒப்படைத்த அந்த ஏற்பாடெல்லாம் பிறகு கலைந்தது. 1948இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஸ்டுடியோக்களின் கையிலிருந்து தியேட்டர்களைப் பிரித்தது, தொலைக்காட்சி வந்தது, வருடத்துக்கு மூன்று நான்கு படம் தரும் நீண்டகால ஒப்பந்தங்கள் ஒன்றொன்றாகப் போயின. ஒரே நடிகரைச் சில மாதங்களுக்கொரு வேடத்தில் பார்த்துப் பழகும் வழக்கமும் அத்தோடு போனது. அதைவிடப் பெரிய மாற்றம், நாயகர்களே தடுமாறத் தொடங்கிவிட்டார்கள். 'காட்ஃபாதர்' படத்தின் மைக்கேல் கொர்லியோனேயைப் பழைய முறைப்படி எழுதியிருந்தால் அந்த வேடம் மூன்றாம் பெயருக்குத்தான் போயிருக்கும். இன்றைய நீண்ட தொடர்களில் நடுநாயகமாக நிற்பவர்கள் பெரும்பாலும் அந்த ரகம். இது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் ஒரு மனிதனின் முழுச் சிக்கலையும் பன்னிரண்டு காட்சிகளுக்குள், இன்னொருவரின் கதைக்கு ஓரமாக நின்று சொல்லும் சிக்கனம் அரிதாகிவிட்டது. நேரம் தாராளமாகக் கிடைத்தால் யாரும் சுருக்கமாகப் பேசுவதில்லை.

அந்த மாற்றத்தின் வாசலில் ரெயின்ஸே நின்றிருக்கிறார். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) படத்தில் அவர் டிரைடன், லாரன்ஸைப் பாலைவனத்துக்கு அனுப்பும் ஆங்கிலேய அதிகாரி. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. லாரன்ஸ் கையில் எரியும் தீக்குச்சியை ஊதி அணைக்க, திரையில் பாலைவனச் சூரியன் எழும் புகழ்பெற்ற வெட்டு அவர் அறையில்தான் நடக்கிறது. ஆனால் இந்தப் படத்தில் கொடூரமும் வெட்கமும் பெருமையும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பது நாயகனிடமே. பீட்டர் ஓ'டூல் அதைத் தூக்கிச் சுமக்கிறார். டிரைடன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தான் பொய் சொல்வது தனக்குத் தெரியும் என்ற நிம்மதியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓ'டூலுக்குச் சிறந்த நடிகர் பரிந்துரை கிடைத்தது. பரிசு அவருக்குப் போகவில்லை; 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் எந்த இடத்திலும் தடுமாறாத, அப்பழுக்கற்ற வழக்கறிஞராக நடித்த கிரிகரி பெக்குக்குப் போனது.